ஆண்டு விழாப் பொறுப்பை ஏற்றிருக்கும் என் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று இரவு நீ பேசியபோது உன் குரலில் மகிழ்ச்சியும் பதற்றமும் சேர்ந்தே இருந்தன. பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பள்ளி ஆண்டு விழாவை உன் தலையில் வைத்துவிட்டார்கள். "நீங்கள் படித்தபோது எப்படி நடக்கும் அண்ணா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?" என்று கேட்டாய். கால் மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. நான் படித்ததைப் போன்ற பார்வையற்றோர் பள்ளிகளில் வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பொது அறிவுப் புத்தகம் உனக்கு நினைவிருக்கும். நான் ஏழாம் வகுப்பு, நீ நான்காம் வகுப்பு. வரலாற்றில் முதல் மதிப்பெண் வாங்கியதற்காக என்னை மேடைக்கு அழைத்தார்கள். யாரோ தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினார். யாரோ கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். "இங்கே பார், இங்கே பார்" என்று கீழேயிருந்து புகைப்படக்காரர் சத்தம் போட்டார். பரிசு கொடுத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரையும் கேட்கவில்லை. இறங்கி வந்து வண்ணத்தாளைப் பிரித்தேன். வழவழப்பான அட்டை, உள்ளே மெல்லிய தாள்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தடவினேன். விரலில் ஒரு பிரெயில் புள்ளிகூடத் தட்டுப்படவில்லை. அச்சுப் புத்தகம்!

அன்று நான் அழவில்லை, அம்மாதான் அழுதார். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நீ திண்ணையில் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தாய். நான் பிரெயில் எழுதும் சட்டமான ஸ்லேட்டில் தடித்த தாளைப் பூட்டி, நீ படித்ததை ஸ்டைலஸ் என்ற குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே வந்தேன். தாளைத் திருப்பினால் அதே எழுத்து இடமிருந்து வலமாகப் புடைத்து நிற்கிறது என்று தெரிந்ததும் உனக்கு ஆசை வந்துவிட்டது. நீயும் ஒரு தாள் கேட்டு வாங்கி உன் பெயரைக் குத்தினாய். உலான் பத்தோர் என்ற தலைநகரத்தின் பெயரை மூன்று நாள் மூன்று விதமாகப் படித்தாய். உன் கையிலிருந்த மெலிந்த புத்தகத்தில் பாதி முடிவதற்குள் என் பக்கத்தில் ஒரு செங்கல் கனத்துக்குத் தாள்கள் சேர்ந்துவிட்டன.

அந்த விழா யாருக்காக நடந்தது என்ற கேள்வி அன்று தொடங்கியது, இன்னும் என்னை விடவில்லை. வேலையை ஆரம்பிக்கும் முன் நீயும் இதைக் கேட்டுக்கொள்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1771இல் பாரிஸ் நகரத்துப் புனித ஓவிட் சந்தையில் பார்வையற்ற சிலரை மேடையில் உட்காரவைத்து, கோமாளிக் குல்லாயும் அட்டையில் வெட்டிய பெரிய கண்ணாடியும் மாட்டிவிட்டு, கையில் வாத்தியங்களைக் கொடுத்துக் கூச்சல் போடச் செய்தார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதைப் பார்த்து மனம் கொதித்தவர்தான் வாலன்டைன் ஹாய். பின்னாளில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அவர் பாரிஸில் ஒரு பள்ளியையே தொடங்கினார். 1786 டிசம்பரில், ஆண்டு முடிகிற வேளையில், தன் மாணவர்களை வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துப்போய் மன்னர் பதினாறாம் லூயியின் முன்னால் படித்தும் எழுதியும் காட்டவைத்தார். அவரை நான் வணங்குகிறேன். ஆனாலும் அவர் செய்த புத்தகங்களில் இருந்தவை பார்வையுள்ளவர்களின் எழுத்துகள்தாம். அதே வடிவத்தைத் தாளில் புடைக்கச் செய்திருந்தார். கண்ணுக்கென்று பிறந்த எழுத்தை விரல் மெல்ல மெல்லத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பள்ளிக்கு 1819இல் பத்து வயதில் வந்த லூயி பிரெயில்தான், விரலுக்கென்றே பிறந்த எழுத்தை ஆறு புள்ளிகளில் உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது பதினைந்து.

அந்த எழுத்து சொந்தப் பள்ளியிலேயே எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் பெருமையை ஊரறிய எடுத்துச் சொல்லும் வாய்ப்பு 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் கிடைத்தது. ஒரு பள்ளி விழா அவ்வளவு செய்ய முடியும் தங்கையே! நம் பக்கத்தில், பாளையங்கோட்டையில் கிறித்தவ மிஷனரியான ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோர் பள்ளி தொடங்கியதிலிருந்து எண்ணிப் பார். எத்தனை மேடைகள், எத்தனை பிள்ளைகள்! அந்த வரிசையில்தான் உன் விழாவும் வருகிறது.

இனி வேலைக்கு வருவோம்.

மேடையின் விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே, குறுக்காக ஒரு கயிற்றுப் பாயை விரித்து ஆணியடித்துவிடு. வெறுங்காலில் பாய் பட்டதும் பிள்ளைகள் நின்றுகொள்வார்கள். மேடையைக் கடைசி நாளில் போடாதே, ஒத்திகைக்கு இரண்டு நாளாவது அதே மேடை வேண்டும். படி எத்தனை, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் என்று அவர்கள் நடந்து நடந்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விழா நாளில் மின்விசிறியையோ நாற்காலியையோ யாரும் இடம் மாற்றக் கூடாது என்று பந்தல்காரரிடம் கண்டிப்பாகச் சொல்.

நடனம் வேண்டுமென்றால் கோலாட்டத்தை எடு. கோல் தட்டும் ஓசையே பக்கத்தில் இருப்பவள் எங்கே நிற்கிறாள் என்று சொல்லிவிடும். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்று கையைப் பிடித்துச் சுழற்றிக் காட்டுவார். பிறகு தன் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். அதற்கே மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரங்கள்தாம் எங்களுக்கு உண்மையான விழாவாக இருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் விழாக்களில் ஒருமுறைகூட நடக்காத ஒன்றை நீ நடத்திக் காட்ட வேண்டும். மேடையில் ஆடுகிறவர்கள் எட்டுப் பேர் என்றால், கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் நூறு பேருக்கும் பார்வை இல்லை. கூட்டம் திடீரென்று கைதட்டும், சிரிக்கும். என்ன நடந்தது என்று நாங்கள் பக்கத்தில் இருக்கும் ஓரளவு பார்வையுள்ள பையனின் தொடையைக் கிள்ளிக் கேட்போம். பாவம், அவன் தனக்குத் தெரிந்த மங்கலான உருவத்தை வைத்துச் சொல்வான். உன் விழாவில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரை ஒலிபெருக்கி முன் உட்காரவை. பச்சைப் பாவாடை கட்டிய ஆறு பேர் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் இருப்பவள் விளக்கை உயர்த்துகிறாள் என்று இடைவெளி பார்த்துச் சொல்லட்டும். நிகழ்ச்சி நிரலையும் பிரெயிலில் அடித்து, வகுப்புக்கு இரண்டு பிரதியாவது கொடு.

அந்த 1844 திறப்பு விழாவை நினைத்து ஒரு நிகழ்ச்சியும் சேர்த்துக்கொள். ஒரு பிள்ளை அரங்குக்கு வெளியே போகட்டும். பார்வையாளர்களில் யாராவது ஒருவர் மனத்தில் தோன்றும் நான்கு வரிகளைச் சொல்லட்டும், இன்னொரு பிள்ளை அவற்றைப் புள்ளிகளில் குத்தட்டும். வெளியே போனவள் திரும்பி வந்து, தாளை வாங்கி உரக்கப் படிக்கட்டும். உன் பிள்ளைகள் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதை ஊர் தன் காதால் கேட்கும்.

சிறப்பு விருந்தினரை முன்னதாகவே சந்தித்துப் பேசு. பெரும்பாலும் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள், எப்படி நடந்துகொள்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பரிசு கொடுக்கும்போது முதலில் தன் பெயரைச் சொல்லட்டும், பிள்ளையின் பெயரைச் சொல்லி வாழ்த்தட்டும், கையில் இருப்பது என்ன பொருள் என்று கூறட்டும். "கண்ணிருந்தும் குருடர்கள் நாங்கள்தான்" என்று பேச வேண்டாம் என அன்போடு கேட்டுக்கொள். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அதைச் சொல்லும் நிமிடத்தில் எங்கள் மதிப்பெண்ணும் பாட்டும் கணக்கும் மறைந்து வெறும் கண் மட்டும் மிஞ்சிவிடுகிறது. அவர் தாமதமாக வந்தால் விழாவை நிறுத்தி வைக்காதே. ஒருமுறை இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்து, ஒப்பனையோடு ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான்.

பரிசுகளை நீயே போய் வாங்கு. புது ஸ்லேட், மடக்குக் கோல், தொட்டு மணி பார்க்கும் கடிகாரம் ஆகியவை விடுதிப் பிள்ளைக்குத் தங்கத்துக்குச் சமம். சதுரங்கப் பலகையும் வாங்கலாம். கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும், காய்கள் துளையில் பொருந்தி நிற்கும், தடவும்போது சரியாது. புத்தகம்தான் கொடுப்பேன் என்று யாராவது வந்தால் மறுக்காதே, பிரெயில் புத்தகமாகக் கொடுக்கச் சொல்.

விழாவுக்கு முதல் நாள் மாலை மைதானத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் வை. பந்துக்குள் இரும்புக் குண்டுகள் குலுங்கும், அதைத் தரையோடு உருட்டிவிட வேண்டும். முழுப் பார்வையற்ற ஆட்டக்காரர் மட்டையால் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கில் ஏறும். "ரெடியா?" என்பார் பந்து வீசுபவர். மட்டை பிடித்தவர் "யெஸ்" என்றதும் "ப்ளே" என்று குரல் கொடுத்து வீசுவார். அந்தக் கணத்தில் மைதானம் முழுவதும் மூச்சை அடக்க வேண்டும், இல்லையென்றால் பந்தின் ஓசை கேட்காது. மட்டையில் பட்டபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். ஊர் மக்களை அழைத்து அந்த அமைதிக்குள் உட்காரவை.

பெற்றோரை மறந்துவிடாதே. இரண்டு பஸ் மாறி, கூலி வேலையை விட்டுவிட்டு வருவார்கள். விடுதிப் பிள்ளைகள் காலையிலிருந்து வாசலையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் வளையல் ஓசையை நான் நாற்பது பேருக்கு நடுவிலும் பிரித்தறிவேன். பந்தல் கீற்றின் ஈர வாசனையோடு கலந்து அது இன்னும் எனக்குள் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்பே அரை மணி நேரம் அவர்களைப் பிள்ளைகளோடு விடு. எங்கள் காலத்தில் எல்லாம் முடிந்த பிறகுதான் சந்திக்க விடுவார்கள், அதற்குள் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

நான் முதல் நாளே வந்துவிடுகிறேன். முன்வரிசை நாற்காலி வேண்டாம், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். பழைய தாள்கட்டையும் கொண்டுவருகிறேன். புள்ளிகள் பாதி மழுங்கிவிட்டன. அடியில் நீ குத்திய தாள் மட்டும் அதிகம் தேயாமல் இருக்கிறது. உன் பெயரில் ஒரு புள்ளி கூடுதலாக விழுந்திருக்கிறது. உன் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல், கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணன்