அது கடிகாரம்தாங்க: ரிச்சி ஸ்ட்ரீட் நம்ம கடையிலேர்ந்து ஒரு மடல்

வணக்கம். நம்ம கடைக்கு ரெகுலரா வர்ற எல்லாருக்கும், முக்கியமா சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்ஸ் லிஸ்ட்டோட வந்து கவுன்ட்டர மறிச்சுக்கிட்டு நிக்கிற பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பசங்களுக்கும் இது.

வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ சுத்துது, உங்களுக்கும் வந்திருக்கும். பிளாஸ்டிக் டப்பா, சிவப்பு நம்பர், நாலா பக்கமும் ஒயரு, கூடவே நம்ம கடை போர்டு, இது பாம், இந்தக் கடையில கேள்வி கேக்காம விக்கிறாங்கன்னு ஒரு வரி. நடந்தது இதுதான்: பையன் ஒருத்தன் நம்ம கடை டிஜிட்டல் கடிகார கிட்ல செஞ்ச ப்ராஜெக்ட் டப்பாவ பஸ்ல மறந்துட்டு இறங்கிட்டான், யாரோ பாம்னு கத்த, போலீஸ் வந்து பிரிச்சுப் பாத்துட்டு அவன்கிட்டயே குடுத்துட்டாங்க. இந்தக் கடைசி பாகம் மட்டும் ஃபார்வர்டுல இல்ல.

பாம்னு சொன்னத கூட விட்டுடலாம், பயத்துல சொல்றதுதான். ஆனா "கேள்வி கேக்காம விக்கிறாங்க"ன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அதுதான் தாங்கல. கேள்வி கேக்காமயா? எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப், எல்ஈடிக்கு ரெசிஸ்டர் போட்டியா, ரெகுலேட்டர் சூடாகுதே ஹீட் சிங்க் எங்க, சர்க்யூட்ட காட்டுன்னு நாங்க கேக்குற கேள்விக்குப் பயந்தே பக்கத்துக் கடைக்குப் போன பசங்க இருக்காங்க. எங்க மேல வழக்கமா வர்ற கம்ப்ளெயின்ட்டே அதுதான்.

அந்த கிட்ல இருக்கறது நாலு டிஸ்ப்ளே, எல்லாத்தையும் இயக்குற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், நேரம் பாத்துக்க ஆர்டிசின்னு ஒரு சிப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். சிவப்பு ஏன்னா அது விலை கம்மி, 2 வோல்ட் பக்கத்துலயே எரிஞ்சுடும். ஒயரு தொங்குறது ஏன்னா இன்னும் பிரெட்போர்டுல, அதாவது ஒயர சும்மா சொருகிப் பாக்குற போர்டுல இருக்கு, ஒயருக்குப் பதிலா செம்புக் கோடு போட்ட பிசிபி போர்டுக்கு மாத்தினா காணாமப் போயிடும். வெடிக்கிறதுக்கு மருந்து வேணும் சாமி, மணி காட்டுனா வெடிக்காது.

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. 2007 ஜனவரி 31 அன்னிக்கு அமெரிக்காவுல பாஸ்டன்ல கார்ட்டூன் விளம்பரத்துக்கு வெச்ச எல்ஈடி போர்டுகளப் பாத்து பாம்னு பயந்து ரோடு, பாலம்னு மூடிட்டாங்க, அதே போர்டு மத்த ஊர்கள்ல வாரக்கணக்கா சும்மா தொங்கிட்டிருந்துச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல அதே ஊர் ஏர்போர்ட்டுல, சட்டையில பிரெட்போர்டும் எல்ஈடியும் மாட்டிட்டு வந்த அமெரிக்க எம்ஐடி காலேஜ் மாணவிய துப்பாக்கியோட வளைச்சுப் பிடிச்சாங்க. 2015ல டெக்சாஸ் இர்விங்ல அகமது முகமதுங்கற 14 வயசுப் பையன் பென்சில் பெட்டியில கடிகாரம் வெச்சு ஸ்கூலுக்குக் கொண்டுபோக, கைவிலங்கு மாட்டி, ஸ்கூல்லேர்ந்து 3 நாள் சஸ்பெண்டும் பண்ணாங்க, கேஸ் எதுவும் போடல. அவனையாவது ஒபாமா வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டாரு. நம்ம பையனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுக்கக்கூட ஆள் இல்ல.

அந்த ஃபார்வர்டு வந்ததும் போன் பண்ணி "அண்ணே, நாங்க இருக்கோம்"னு சொன்னவங்க, குரூப்புக்கு குரூப் போய் பதில் போட்டவங்க, வேணும்னே வந்து அதே கடிகார கிட்டையே வாங்கிட்டுப் போன லேப் சார், எல்லாருக்கும் மனசார நன்றி. உங்கள வெச்சுதான் இந்தக் கடை.

இனிமே கிட்டோட மூடி கண்ணாடி மாதிரி தெரியறதா இருக்கும், மேல ஒட்ட ஒரு லேபிளும் தர்றோம், பேரு, காலேஜ், டப்பா என்னதுன்னு எழுதிக்கலாம், பஸ்ல மறந்தாலும் திரும்பி வரும். பேட்டரி மட்டும் இந்த மாசத்துலேர்ந்து தனியா வாங்கிக்கணும், கிட் விலை அதேதான். ஞாயித்துக்கிழமை வழக்கம்போல லீவு.