சோறா, கணக்கா: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

வண்ணார்பேட்டை, திருநெல்வேலி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதியடைந்தேன். கார்த்திகை மழையில் ஆறு நிறைந்து போகிறது. மழை விட்ட காலைகளில் குறுக்குத்துறை வரை நடந்து வருகிறேன்.

கலோரியை எண்ணினால் போதுமா, சோற்றை அடியோடு விட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எடையைத் தீர்மானிப்பது உண்ணும் கலோரிக்கும் உடல் செலவழிக்கும் கலோரிக்குமான வரவு செலவுக் கணக்குத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சத்துணவியல் பேராசிரியர் மார்க் ஹாப், 2010-இல் பெரும்பாலும் கிரீம் கேக் போன்ற தின்பண்டங்களையே தின்று, ஆனால் நாளுக்குச் சுமார் 1800 கலோரிக்குள் நின்று, பத்து வாரத்தில் 12 கிலோ குறைந்தார். 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் சேர்ந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் ஓராண்டில் சராசரியாக ஐந்தாறு கிலோ, பெரிய வேறுபாடின்றி இளைத்தார்கள். ஆகவே சோற்றின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதிகமாகத் தின்கிறோம் என்பதே தெரியாமல் நம்மைத் தின்ன வைப்பது எது என்று பார்த்தால், உணவின் வகை முன்னே வந்து நிற்கிறது. 2019-இல் ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் அமெரிக்காவில் 20 பேரைத் தங்கள் ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய உணவும், இரண்டு வாரம் காய், பயறு, மீன் என்று இயல்பான உணவும் கொடுத்தார்கள். பரிமாறியவற்றில் கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நார்ச்சத்தும் இரண்டிலும் ஒத்திருந்தன. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஆலை உணவின்போது அவர்கள் விரைவாக உண்டு, நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறிய எடை, மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. இதைப் படித்த பிறகுதான், மாலையில் மிக்சர் பொட்டலம் தீர்ந்த பின்பும் எனக்கு வயிறு நிறையாமல், ஒரு கிண்ணம் சிறுபயற்றுச் சுண்டல் இரவு வரை தாங்குவதன் காரணம் விளங்கியது. மென்று தின்ன வேண்டிய உணவு மெதுவாக இறங்குகிறது. புரதத்தைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவாகிவிடுகிறது.

நல்ல உணவு என்பதற்காகக் கணக்கை மறந்துவிடவும் கூடாது. உளுந்தங்களி சத்தானதுதான்; ஆனால் அதில் ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கே ஏறத்தாழ 120 கலோரி. சொதிக்குப் பிழியும் தேங்காய்ப்பாலிலும் கலோரிக்குக் குறைவில்லை. நீங்கள் சோற்றை விட வேண்டாம், அண்ணாச்சி. ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் அவியலைக் கூட்டுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் நீங்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையையும் பட்டினி போடாதீர்கள், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனித் தேரோட்டத்துக்கு மதினியுடன் வாருங்கள். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யுமாக, மெல்லாமலே வழுக்கி இறங்கும் அல்வாவை ஐம்பது கிராம் வாங்கி நாம் மூவரும் பகிர்ந்துகொள்வோம்; அன்று ஆற்றங்கரை வரை சேர்ந்து நடந்தும் வருவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்