2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

இயற்கை ஆர்வலர் மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மழையால் கூடவில்லை. வாய்க்கால் கரையில் மரக்கன்று நட்டோம். வேன் வைத்துக் கோடியக்கரை போய் வெளிமான் பார்த்து வந்தோம்.

அப்புறம், நூலக வாசலில் வைத்த ஆர்க்டிக் நரிப் பதாகை. "வடதுருவத்து நரிக்கு நம்மூரில் எதற்குச் செலவு?" என்று செயற்குழுவில் கேட்டவர்கள் யாரும் அதை வந்து பார்க்கவில்லை. ஆகவே இங்கே விளக்குகிறேன். ஒரு பக்கம் கோடை: பாறை மேல் பழுப்பு நரி. மறுபக்கம் பனிக்காலம்: வெள்ளைக்குள் வெள்ளை, கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் கருப்பு. "காசு கொடுத்து வெறும் வெள்ளைத் துணியா அடித்தீர்கள்?" என்றார் தலைவர். நரி தெரியக்கூடாது என்பதுதானே சங்கதி! பள்ளிப் பிள்ளைகள் அந்த மூக்கைத் தொட்டுத் தொட்டே அழுக்காக்கிவிட்டார்கள்.

நரி குளிரை வைத்து நிறம் மாற்றுவதில்லை. முக்கியமாகப் பகல் குறைவதுதான் காரணம். இரவு நீள நீள உடலில் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு மாறி, பழைய முடி உதிர்ந்து அடர்த்தியான வெள்ளை முடி முளைக்கிறது. இதைச் சொன்னதும் விவசாயி உறுப்பினர் ஒருவர், "பழைய சம்பா ரகமும் அப்படித்தானே, முன்கூட்டி விதைத்தாலும் பொழுது சுருங்கினால்தான் பூக்கும்" என்றார். என் அரைமணி நேரப் பேச்சை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பனி தாமதமானால் நரிக்குத் தெரியாது. வெளுத்த உடம்போடு மண்தரையில் பளிச்சென்று நிற்கும். எல்லா நரியும் வெளுப்பதில்லை என்பதையும் சேர்த்திருக்கிறேன். 'நீல' வகை ஆண்டு முழுதும் கருஞ்சாம்பலாகவே இருக்கும்; ஐஸ்லாந்தில் அதுதான் அதிகம். பதாகையின் ஓரத்தில் கோடியக்கரை ஆண் வெளிமானும் உண்டு, கோடையில் அதன் கருமையும் வெளிறும். உள்ளூர் விஷயம் இல்லை என்றவர்கள் அந்த ஓரத்தையாவது பார்க்கலாம்.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்குச் சரி. மிச்சம் சொற்பம், கணக்கு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது. அச்சுக்கூலி கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் சந்தா பாக்கி முழுதும் வந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. பாக்கிதாரர் பெயர்களை வாசிக்கப் போவதில்லை. அவர்களில் பலர் இன்றும் வரவில்லை, வாசித்தும் பயனில்லை.

நூலகருக்கும், வேன் ஓட்டுநருக்கும், டீ கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் பீரோச் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராத பட்சத்தில் அடுத்த ஆண்டு பனிமுயல் பதாகை வைக்க உத்தேசம். அச்சகத்தில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். பொங்கலுக்குள் சந்தா வந்தால் முன்பணம் கொடுத்துவிடலாம்.

செயலாளர்