மைக்கைக் கீழே வைத்தபிறகு நினைவுக்கு வந்தவர்களுக்கு

எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் எல்லோருக்கும் வணக்கம்.

பண்டிகைக் கால விழாவன்று நன்றி சொல்லத்தான் மேடையேறினேன். மூன்று பேரைச் சொல்லி முடித்திருப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி நாற்காலியிலிருந்து சரியத் தொடங்கினாள். மைக்கை வைத்துவிட்டு அவளைப் பிடிக்க ஓடினேன். அத்தோடு நன்றியுரை முடிந்துபோயிற்று. இரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோதுதான் சொல்லாமல் விட்ட முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அந்தக் கடனுக்காக இந்த மடல். மேடையில் நான் சொன்ன அந்த மூவரும் மன்னிக்கவும், உங்கள் பங்கு அன்றே தீர்ந்தது. இது மற்றவர்களுக்கு.

பள்ளியில் ஐந்து வகுப்புகள், 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். பெரிய பள்ளிகளில் மேடைக்கு ஒரு குழு, உடைக்கு ஒரு குழு, வரவேற்புக்கு ஒரு குழு என்று இருக்கும். எங்களிடம் இருப்பதெல்லாம் ‘கொஞ்சம் இதைப் பிடியுங்களேன்’ என்ற ஒரே வாக்கியம்தான். பிள்ளையை விட வந்தவர், அழைத்துப் போக வந்தவர், சும்மா எட்டிப் பார்த்தவர் என்று எல்லோர் கையிலும் எதையாவது கொடுத்துவிட்டோம். ஒருவர் மட்டும் நேரமில்லை என்று சொன்னார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவரும் அவர்தான்.

இந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் நடப்பது ஒரே பண்டிகை இல்லை. ஒரு வீட்டில் முடிந்திருக்கும், இன்னொரு வீட்டில் வரப்போகும். எதையும் கொண்டாடாத வீடும் உண்டு. பள்ளியில் யாருடைய பண்டிகையைக் கொண்டாடுவது என்ற கேள்வியில் நான் வருடாவருடம் திணறுவேன். இந்த முறை ‘வெளிச்சம்’ என்று பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டதற்காக என்னைப் பலர் பாராட்டினீர்கள். நானும் சிரித்து வாங்கிக்கொண்டேன். உண்மையில் அது என் யோசனை இல்லை. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “எல்லார் வீட்டுலயும் விளக்கு இருக்குல்ல டீச்சர், அதையே வச்சுக்கலாமே” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா, வாங்கிய பாராட்டையெல்லாம் இதோ உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வெளிச்சம் என்றதும் முதலில் வந்தவர், பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியரான ஒரு தாத்தா. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனம் 1825இல் சிறுவர்களுக்காகவே கிறிஸ்துமஸ் விடுமுறைச் சொற்பொழிவுகளைத் தொடங்கியது, விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அதில் 19 தடவை பேசினார், 1860இல் பேச அவர் எடுத்துக்கொண்ட பொருள் வெறும் மெழுகுவத்தி. இவ்வளவையும் தாத்தா ஒரே மூச்சில் சொன்னார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரி, என்று அவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மெழுகுவத்தியை ஏற்றினார். ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. எரியும் தீக்குச்சியைத் திரிக்குக் கொண்டுபோகாமல், மேலே எழும் அந்தப் புகையில் மட்டும் காட்டினார். சுடர் புகை வழியாகவே கீழே தாவித் திரியில் உட்கார்ந்தது. கொட்டாவி விட்ட வாய்கள் அப்படியே திறந்திருந்தன. அது புகை மாதிரி தெரிந்தாலும், ஆவியான மெழுகுதான், எரிவதும் அந்த ஆவிதான் என்பதை அதற்கப்புறம் அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எத்தனை தடவை செய்துகாட்டினீர்கள் ஐயா? பதினொன்று வரை எண்ணினேன். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீரோடு கடைசிவரை நகராமல் நின்ற எங்கள் பள்ளி ஆயாவுக்கும் அந்தப் பதினொன்றில் பங்கு உண்டு.

அடுத்து ப்ரொஜெக்டர் கதை. பிள்ளைகள் வரைந்த படங்களைத் திரையில் காட்டுவதாகத்தான் ஏற்பாடு. வாடகைக்குத் தருவதாகச் சொன்னவர்கள் நான்கு நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அப்பா பார்த்தார். எலக்ட்ரீஷியன். “ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு. நிழல் பொம்மை போட்டுடலாம்” என்றார். அன்று மாலையே ஆரம்பித்தோம்.

முதல் ஒத்திகை படுதோல்வி. டியூப் லைட்டைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டோம், பொம்மைகள் எல்லாம் தண்ணீரில் ஊறிய மை மாதிரி கலங்கித் தெரிந்தன. அவர் சிரித்துவிட்டு விளக்கினார். டியூப் நீளமானது. அதன் ஒவ்வொரு இடத்திலிருந்தும் வரும் வெளிச்சம் ஒவ்வொரு நிழலைப் போடுகிறது, அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓரம் மங்கிவிடுகிறது. விளக்கு எவ்வளவு சின்னதோ நிழல் அவ்வளவு கூர்மை. டியூபைக் கழற்றிவிட்டுச் சின்ன பல்பு ஒன்றை மாட்டியதும் பொம்மையின் கண் இமைகூடத் தெரிந்தது. விளக்குக்கு அருகில் கொண்டுபோனால் பொம்மை பூதமாகும், துணியை ஒட்டிப் பிடித்தால் உள்ளது உள்ளபடி சிறுக்கும் என்பதை இரண்டாம் வகுப்பு தானாகவே கண்டுபிடித்தது. அப்புறம் ஒருமணி நேரம் எல்லோரும் பூதமாகிக்கொண்டிருந்தார்களே தவிர ஒத்திகை நடக்கவில்லை.

திரைக்குத் தன் வீட்டுப் படுக்கை விரிப்பைக் கொடுத்தவர், அதை நனைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டச் சொன்னார். காய்ந்தபோது முரசுத்தோல் மாதிரி விறைத்து நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. சட்டம் அடித்துக் கொடுத்தது தச்சு வேலை செய்யும் ஒரு அப்பா.

கதை பிள்ளைகளுடையது. இருட்டைக் கண்டு பயப்படும் மின்மினி. நிழலில் எல்லாம் கறுப்பாகத்தானே தெரியும், மின்மினி எப்படி மின்னும் என்று பெரியவர்கள் நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டை மின்மினியின் வாலில் ஊசியால் ஓட்டை போட்டு, பின்பக்கம் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். அவ்வளவுதான் விஷயம்.

விழாவன்று பத்து நிமிடம் இருக்கும்போது அந்தச் சின்ன பல்பு போய்விட்டது. மாற்று பல்பு யாரிடமும் இல்லை. ஒருவர் போன் டார்ச்சை எரியவிட்டுக் கொடுத்தார். அதற்குத் தாங்கி இல்லை, யாராவது கையிலேயே பிடித்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவள் நான்காம் வகுப்பில் யாருடனும் பேசாத ஒரு பிள்ளை. இரண்டு வருடத்தில் என்னிடம் அவள் முழுதாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை. கேட்காமலே போனை வாங்கிக்கொண்டாள். பாதி நாடகத்தில் அவள் முழங்கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, “கை வலிக்குதாம்மா?” என்று கிசுகிசுத்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பேசாதீங்க டீச்சர், வெளிச்சம் ஆடும்” என்றாள். இருபது நிமிடம் வெளிச்சம் ஆடவில்லை. முன்னாலிருந்து கைதட்டியவர்கள் யாரும் அவளைப் பார்த்திருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். போன் கொடுத்த அண்ணனுக்கும் நன்றி. நடுவில் உங்களுக்கு வந்த இரண்டு அழைப்புகளை அவள்தான் துண்டித்தாள்.

அழைப்பிதழ் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்றாகக் கையாலேயே செய்தார்கள். நட்சத்திரம், மினுமினுப்புத்தூள், தேவைக்கு மேல் பசை. அப்போது ஒருத்தி கேட்டாள், கண் தெரியாத பாட்டி இதை எப்படிப் படிப்பார்கள் என்று. எங்கள் பள்ளியில் படிக்கும் இரண்டு பேரன்களின் பாட்டி அவர். விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்ல் படித்தவர். அவர் மருமகளிடம் கேட்டு, அந்தப் புள்ளிகளைக் குத்தும் சிலேட்டும் ஊசியும் வாங்கி வந்து, எழுத்து அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத் தடித்த தாளில் குத்தி அனுப்பினோம். பாட்டி விரலால் தடவிப் பார்த்தாராம். “என்னடா இது, எல்லாம் பின்னாலேர்ந்து முன்னால நடக்குது!”

பிரெய்ல் சிலேட்டில் எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். மேடு விழுவது தாளின் மறுபக்கம் என்பதால், திருப்பிப் பிடித்தால்தான் இடமிருந்து வலமாக வாசிக்க வரும். நாங்கள் நேராகக் குத்தி, அழைப்பையே தலைகீழாக்கியிருந்தோம். பாட்டி கோபப்படவில்லை, இரண்டு மதியம் வகுப்பெடுக்க வந்தார். ஆறே புள்ளிகள், அவற்றை வைத்து 63 வடிவங்கள். இதை உருவாக்கிய லூயி பிரெய்ல் பிறந்தது 1809இல், இந்த முறையை அமைத்தபோது அவருக்கு வயது 15 என்று பாட்டி சொன்னதும், “அப்ப என் அண்ணனைவிடச் சின்னவரா?” என்று ஒருவன் எழுந்தேவிட்டான். இப்போது வகுப்பில் யாருக்கும் தெரியாமல் துண்டுத்தாள் அனுப்பவும் புள்ளிதான். எனக்குப் படிக்க வராது என்ற தைரியம். பாட்டி, இதற்கு மட்டும் உங்களுக்கு நன்றி சொல்வதாக இல்லை.

நிழல் நாடகத்தின்போது அவர் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, நடப்பதையெல்லாம் சொல்லச் சொல்லியிருந்தேன். அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாளாம். பாட்டி அவள் கையைத் தட்டி, “கதை காதுல விழுது கண்ணு. எல்லாரும் ஆன்னாங்களே, அப்ப மட்டும் என்ன ஆச்சுன்னு சொல்லு” என்றாராம். மின்மினி மின்னிய இடம் அது.

இன்னும் உள்ளவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் குறைவு என்பதால் அல்ல. விழா முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்கிய பழைய மாணவர்கள். கடைசிப் பிள்ளை ஏறும்வரை வண்டியை நிறுத்திவைத்திருந்த ஓட்டுநர். தையல் விட்ட உடைகளை மேடைக்குப் பின்னால் நின்றபடியே தைத்த இரண்டு அத்தைகள், ஊசியை வாயில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள் என்று நான் அதட்டியதற்கு மன்னிக்கவும். மினுமினுப்புத்தூளை இன்றுவரை பெருக்கிக்கொண்டிருக்கும் ஆயாவிடம் நன்றி சொல்லவே பயமாக இருக்கிறது. அடுத்த வருடம் அந்தத் தூள் கிடையாது, இது எழுத்துமூலமான வாக்கு. விரிப்பைக் கொடுத்தவருக்கு: இரண்டு தடவை துவைத்தும் மஞ்சள் பசைக்கறை ஒன்று போகவில்லை. புதிது வாங்கித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறீர்கள். கறையோடு தருவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை, அதனால் அது இன்னும் இங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஓர் ஏணி. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், விளக்குச் சரம் கட்ட உயரம் எட்டவில்லையே என்று வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை கேட்டைத் திறந்தால் சுவரில் சாத்தி ஓர் ஏணி நிற்கிறது. கேட்ட எல்லோரும் எங்களுடையது இல்லை என்கிறார்கள். சரம் கட்டியது, திரைச் சட்டத்தை ஏற்றியது, கூரையில் சிக்கிய பந்தை எடுத்தது எல்லாம் அதன் தயவில்தான். மூன்றாவது படி கொஞ்சம் ஆடியது, தச்சர் அப்பா ஆப்பு வைத்து இறுக்கிவிட்டார். தாழ்வாரத்தில் படுக்கவைத்திருக்கிறோம். மாலை ஐந்து வரை பள்ளி திறந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். யாரென்று சொல்ல விருப்பமில்லை என்றால், வைத்த மாதிரியே இரவில் வந்து எடுத்துப் போங்கள். அன்று மட்டும் ஏணியை வாசல் சுவரில் சாத்திவைக்கிறோம், எந்த நாள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கேட்டில் செருகிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை
(43 பிள்ளைகளின் சார்பில்)