சின்ன அத்தையின் மருந்துச் சீட்டுகள்

டிசம்பர் 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கொல்லையில் வடக்குப் பக்கத் தென்னை வண்டு விழுந்து பட்டுப்போய்விட்டது. சித்தப்பா வீட்டுக் கல்யாணம் தை கடைசியில். மற்றதை அம்மா சொல்லியிருப்பாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ என்னோடு பேசவில்லை. பெருவில் உனக்கு என்ன வேலை என்று நான் கேட்ட விதம் சரியில்லைதான். தியானம் மாதிரி என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அண்ணனைக் குடைந்து கேட்டதில் அயவாஸ்கா என்ற பெயர் வந்தது, அமேசான் காட்டில் ஒரு கொடியையும் இலையையும் சேர்த்துக் காய்ச்சிச் சடங்கில் குடிக்கும் மயக்கக் கஷாயம். முப்பத்தாறு வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் நான். ஒரு மருந்தின் பெயரைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை, படித்தேன்.

ஆகஸ்டில் நீ கிளம்புவதற்கு முந்தின இரவு பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது என்று நானும் அம்மாவும் துணிகளை எடுத்து எடுத்து நிறுத்தோமே, அப்போது துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த மருந்துப் புட்டி என் கையில் அகப்பட்டது. ஃப்ளூவாக்ஸெடின், 20 மில்லிகிராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. திரும்பச் சுருட்டி வைத்துவிட்டேன். எதற்கு, எத்தனை நாளாக என்று நான் கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நெஞ்சு படபடக்கிறது என்று நீ ராத்திரி எழுந்து வந்தபோதும் பரீட்சைப் பயம் என்று சொல்லிப் படுக்கவைத்தவன்தானே நான்.

அந்த மாத்திரைக்கும் இந்தக் கொடிக்கும் ஆகாது, பாப்பா. கஷாயத்தில் சேர்க்கும் சக்ருனா இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் அதிலுள்ள டி.எம்.டி. என்ற, காட்சிகளை வரவழைக்கும் பொருள் குடலிலேயே அழிந்துவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின் என்ற பொருள் அதை அழிக்கும் நொதியைக் கட்டிப்போடுகிறது. இத்தனை செடிகள் உள்ள காட்டில் இந்த இரண்டையும் சேர்த்துக் காய்ச்சக் கண்டவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. அந்தக் காட்டின் பழங்குடிகளான ஷிபிபோ மக்கள் இதற்கு உப்பில்லாமல், இனிப்பில்லாமல் பத்தியம் இருக்கிறார்கள் என்று படித்தபோது உன் கொள்ளுத் தாத்தாவின் நினைவு வந்தது. பெரு அரசாங்கம் 2008இல் இதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. அதை நான் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் அதே நொதிதான் மூளையில் சேதி கடத்தும் செரட்டோனினையும் கரைக்கிறது. ஒரு ஏரிக்கு இரண்டு மதகு என்று வைத்துக்கொள். ஒன்றை உன் மாத்திரை அடைத்திருக்கிறது, இன்னொன்றைக் கொடி அடைக்கும். கரை உடைந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் வளர்ந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல், வியர்வை, நடுக்கம், தசை விறைப்பு, பிதற்றல். உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தியும் நடுக்கமும் அங்கே வழக்கமாக வருவதுதான் என்பதால், மருந்து வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் சடங்குப் பாட்டைப் பாடிக்கொண்டே இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

ஃப்ளூவாக்ஸெடின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். நிறுத்தி ஐந்து வாரமாவது ஆகாமல் நொதியைக் கட்டும் மருந்து எதையும் தொடக்கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. முகாம் ஜனவரி 10 என்றால் உனக்கு இன்னும் 23 நாள்தான். கணக்கு எப்படியும் ஒத்துவரவில்லை. அதற்காக இன்றே நிறுத்திவிடாதே. நீயாக நிறுத்தாதே. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பயணத்தைச் சொல். அந்த முகாம்காரர்கள் இரண்டு மூன்று நாள் முன்பு நிறுத்தினால் போதும் என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரியே அவர்களை விட்டு விலகப் போதும்.

நீ போய் இறங்கும் இக்கிட்டோஸ் ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாதாம். விமானத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் படகில். அங்கிருந்து முகாம் ஆற்றில் இன்னும் எவ்வளவு தூரம்? இரவு இரண்டு மணிக்கு ஒன்று ஆகிவிட்டால் படகு ஓட்ட யார் இருப்பார்கள்? குடிப்பவர்கள் எத்தனை பேர், குடிக்காமல் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர்? பதற்றம் உள்ளவர் என்று யாரையாவது வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? கஷாயத்தில் தோயே என்ற செடியைச் சேர்ப்பார்களா என்று தனியாகக் கேள். அது நம் ஊமத்தைக்குப் பங்காளி. ஊமத்தங்காய் தின்ற பிள்ளையைக் கடை வாசலில் தூக்கிக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றை எழுத அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமலும் இருக்க முடியாது. மயக்கத்தில் இருந்த பெண்களிடம் வைத்தியம் என்ற பெயரில் தவறாக நடந்துகொண்டவர்கள் உண்டு. இரவு முழுவதும் கூடத்தில் பெண் உதவியாளர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள். தனியாகக் கூப்பிட்டால் போகாதே.

நீ அண்ணனுக்கு அனுப்பிய பிரேசில் ஆய்வை எழுத்து விடாமல் படித்தேன். டொரண்டோவில் உட்கார்ந்து இதையெல்லாம் தேடிப் படிக்கிற பெண் என் பெண் என்று பெருமையாகத்தான் இருந்தது. 29 பேர், எந்த மருந்துக்கும் இறங்காத மனச்சோர்வு, மருத்துவமனையில் ஒரே ஒரு தடவை. உனக்கு இருப்பது மனச்சோர்வா பதற்றமா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லையே. ஆனால் யாரையெல்லாம் ஆய்வில் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிற வரியைப் பார்த்தாயா? குடும்பத்தில் மனச்சிதைவோ பித்தெழுச்சி நோயோ இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. முகாமின் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கும். நீ ‘இல்லை’ என்று எழுதியிருப்பாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சின்ன அத்தைக்கு வந்தது டைபாய்டு இல்லை, பாப்பா.

1987இல் அவளுக்கு இருபத்து மூன்று வயது. சோற்றில் நாங்கள் விஷம் வைப்பதாகச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னாள். தஞ்சாவூரில் காட்டினோம். மருந்தில் நன்றாகத் தேறி, மறுபடி பூக்கட்ட உட்கார்ந்தாள். ஏழெட்டு மாதத்தில் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரையில் முகம் மந்தமாகத் தெரிகிறது, கொஞ்ச நாள் நிறுத்துவோம் என்று சொன்னது உன் பாட்டி இல்லை. நான்தான். மருந்து தெரிந்தவன் என்று வீட்டில் எல்லாரும் என் வார்த்தையைக் கேட்டார்கள். அதன்பிறகு நீ பார்த்த அத்தைதான் மிஞ்சினாள்.

நீ ஆறு வயதில் அவளுடைய மோர் டம்ளரின் அடியில் வெள்ளையாக என்ன என்று கேட்டாய். பெருங்காயம் என்றேன். நான் கடையிலிருந்து பொடித்துக் கொண்டுவந்து கலந்தது அது. அவள் போகும்வரை அவளிடமும் சொல்லவில்லை.

உன் படபடப்பு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்துப் பயந்துவிடாதே. மருத்துவரிடமும், போவதென்றால் அந்தப் படிவத்திலும், ‘அப்பாவின் தங்கைக்கு இருந்தது’ என்று எழுது. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. டிக்கெட் பணம் திரும்ப வராது என்றால் நான் அனுப்புகிறேன். வேலைக்கு விடுப்பு எடுத்தாயிற்று என்றால் இங்கே வா.

அத்தையின் மருந்துச் சீட்டுகள் பிஸ்கட் டப்பாவில் அப்படியே இருக்கின்றன. நேற்று எடுத்து வருஷவாரியாக அடுக்கினேன். இரண்டு சீட்டுகளில் மை அழிந்துவிட்டது, எனக்கு நினைவிருந்த மருந்தின் பெயரையும் அளவையும் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அண்ணன் சனிக்கிழமை படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

அன்புடன்,
அப்பா