எம்.எட். பட்டம்: சேர்க்கை முதல் சான்றிதழ் வரை பொறுப்பு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எட். படிப்பை மீண்டும் ஓராண்டாகக் குறைப்பதற்கு வழிசெய்யும் வரைவு விதிமுறைகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2025 பிப்ரவரியில் வெளியிட்டதிலிருந்து, கல்வியியல் கல்லூரிகளில் பேச்செல்லாம் கால அளவைப் பற்றியதாகவே இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு மேல் எம்.எட். மாணவர்களுக்குப் பாடம் நடத்தி, ஆய்வேடுகளுக்கு நெறியாளராகவும் புறத்தேர்வாளராகவும் இருந்தவன் என்ற முறையில் நான் முன்வைக்க விரும்புவது வேறொரு கேள்வி. ஒரு மாணவர் விண்ணப்பம் கொடுக்கும் நாள் முதல் பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கும் நாள் வரை, அந்தப் படிப்பு உண்மையாகவே நடந்தது என்பதற்கு யார் பொறுப்பு?

இந்தப் பட்டத்தின் எடை பொதுமக்கள் பலருக்குத் தெரிவதில்லை. பி.எட். பள்ளி ஆசிரியரை உருவாக்குகிறது, எம்.எட். அந்த ஆசிரியருக்குக் கற்பிப்பவரை உருவாக்குகிறது. கல்வியியல் கல்லூரிகளிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் விரிவுரையாளர்களாகப் போகிறவர்கள் இவர்கள்தாம். இங்கே ஒரு பட்டம் பொய்யாக வழங்கப்பட்டால், அதன் விளைவு பத்து ஆண்டுகள் கழித்து எங்கோ ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் போய் நிற்கிறது.

விதிகளுக்குக் குறைவே இல்லை. ஆசிரியர் கல்வியை ஆராய்ந்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து வந்த, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரத்துக்கு 36 மணி நேரம், பாடவகுப்புகளில் 80 விழுக்காடும் களப்பணியில் 90 விழுக்காடும் வருகை, 50 மாணவர் கொண்ட ஒரு பிரிவுக்குப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் எனப் பத்துப் பேர் என்று எல்லாமே அதில் எழுதப்பட்டிருக்கிறது. பி.எட். அல்லது அதற்கு இணையான படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவரே சேர முடியும். படிப்பை முடிக்க அதிகபட்சமாக மூன்று ஆண்டுகள். தாளில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத ஏற்பாடு இது.

ஆனால் இந்த விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மூன்று கைகளில் சிதறிக் கிடக்கிறது. அங்கீகாரம் கொடுப்பது குழுமத்தின் தென்மண்டலக் குழு. முன்பு பெங்களூருவில் இருந்த அதன் அலுவலகம் இப்போது டெல்லியில் இருக்கிறது. இணைவு தருவதும் பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதும் 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். மாணவரைச் சேர்ப்பது, வகுப்பு நடத்துவது, வருகைப் பதிவேட்டை எழுதுவது, அகமதிப்பெண் இடுவது எல்லாம் கல்லூரி. குழுமம் கட்டடத்தையும் ஆசிரியர் பட்டியலையும் பார்க்கிறது, பல்கலைக்கழகம் விடைத்தாளைப் பார்க்கிறது. இடையில் இருக்கும் அந்த 200 நாட்களைக் கல்லூரியைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. வகுப்புக்கு வராமலேயே பட்டம் வாங்குவதற்கு ‘நான்-அட்டெண்டிங்’ என்று ஒரு பெயரே நம் ஊரில் புழங்குகிறது என்றால், அது இந்த இடைவெளியில் முளைத்ததுதான். அதற்குத் தனிக் கட்டணம் சொல்லும் இடங்களும் இருக்கின்றன என்பது இத்துறையில் உள்ள எல்லோரும் அறிந்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருக்கிறது.

ஆசிரியர் பட்டியலின் நிலையும் இப்படித்தான். ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-இல் வெளிவந்தபோது மாநிலமே அதிர்ந்தது. கல்வியியல் கல்லூரிகளில் பணிபுரிவோர் யாருக்கும் அந்தச் செய்தி புதிதாகத் தோன்றியிருக்காது.

எம்.எட். படிப்பின் உயிர்நாடி ஆய்வேடு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தச் சென்றிருந்தேன். மேசையில் நீல அட்டை போட்ட ஆய்வேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவதைப் புரட்டும்போதே சந்தேகம் வந்தது. தலைப்பில் ‘தன்னம்பிக்கை’ என்று இருந்த இடத்தில் அடுத்த ஏட்டில் ‘தேர்வுப் பதற்றம்’ என்று இருந்தது. உள்ளே நான்காம் இயலின் அட்டவணைகளில் சராசரியும் திட்டவிலக்கமும் ‘டி’ மதிப்பும் தசமப் புள்ளி மாறாமல் ஒன்றாகவே இருந்தன. முந்நூறு மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்துத் தகவல் திரட்டியதாக எழுதியிருந்த ஒரு மாணவியிடம், எந்தப் பள்ளிக்குப் போனீர்கள், அம்மா, எத்தனை நாள் போனீர்கள் என்று கேட்டேன். அவர் நெறியாளரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண் கலங்கிவிட்டது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியதாகவும், ஆய்வேட்டைக் கல்லூரியே “ஏற்பாடு செய்து தரும்” என்று சேரும்போதே சொன்னதாகவும் பிறகு சொன்னார். அவரைக் குற்றவாளியாக என்னால் பார்க்க முடியவில்லை. ஆய்வு என்றால் என்ன என்று அவருக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை; ஆனாலும் அவருக்கு மதிப்பெண் இட வேண்டிய தாள் என் முன்னால் இருந்தது. ஒரே மாதிரி இருந்த ஏடுகளைக் குறிப்பிட்டு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் எதுவும் வரவில்லை.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள் முதுநிலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும். ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவும் ஊர்த் தட்டச்சு மையங்களில் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்படுகின்றன. சோதிக்கும் மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ என்ற தேசியக் களஞ்சியம் இருக்கிறது, எம்.எட். ஆய்வேடுகளோ கல்லூரி நூலகத்தின் இரும்பு அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்து கரையானுக்குப் போகின்றன. யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற துணிவில்தான் ஒரே ஏடு ஆண்டுக்கு ஆண்டு புது அட்டை போட்டுக்கொள்கிறது.

ஆகவே பல்கலைக்கழகத்துக்கு நான் வைக்கும் முதல் கோரிக்கை ஆய்வேட்டைப் பற்றியதே. முதலாம் ஆண்டு முடிவதற்குள் தலைப்பும் நெறியாளர் பெயரும் தகவல் திரட்டப்போகும் பள்ளிகளின் பெயரும் பல்கலைக்கழகத்தில் பதிவாக வேண்டும். ஆய்வேட்டை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் மட்டுமே ஏற்க வேண்டும். வாய்மொழித் தேர்வு முடிந்த ஏடுகள் அனைத்தும் பொதுவில் படிக்கக் கிடைக்க வேண்டும். இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். இதோடு, ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்ந்த மாணவர் எண்ணிக்கையையும் பாடம் நடத்தும் ஆசிரியர்களின் பெயர்களையும் சேர்க்கை முடிந்தவுடன் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒரே இடத்தில் வெளியிட்டால், ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருப்பதை எந்தப் பெற்றோரும் கண்டுபிடித்துவிடுவார்.

படிப்பை ஓராண்டாக்கலாமா என்பதில் எனக்குத் திறந்த மனம் உண்டு. நான் எம்.எட். படித்ததும் ஓராண்டுதான், ஆனால் அந்த ஓராண்டில் ஒரு நாள் விடுப்பு எடுக்கவும் துறைத்தலைவரிடம் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் நடக்காத ஆய்வு ஓராண்டில் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லாமல் கால அளவை மட்டும் மாற்றினால், கட்டணம் குறையும், ஏமாற்று குறையாது.

கடைசியாக, பட்டச் சான்றிதழ். மாணவர் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்று மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. தற்காலிகச் சான்றிதழை நெகிழி உறையில் போட்டுக்கொண்டு, நேர்காணலுக்கு நேர்காணல் “பட்டம் இன்னும் வரவில்லை, ஐயா” என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மாணவர்களை நான் அறிவேன். இரவு பகலாக உழைத்து, உண்மையாகவே பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி ஆய்வேடு எழுதியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒவ்வொரு தேர்வு முடிவையும் வெளியிடும்போதே, அந்த ஆண்டு மாணவர்களுக்குப் பட்டம் எந்தத் தேதிக்குள் வழங்கப்படும் என்பதையும் பல்கலைக்கழகம் சேர்த்து அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்வியியல் பேராசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.