தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. ஏழு கூட்டம் சிகரெட் லைட்டர் பேச்சிலேயே போய்விட்டது. அறிக்கையும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 என ஜி.எஸ்.டி. இருந்த காலத்தில் நமக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒருவர் மனுவை இன்னொருவர் மனு வெட்டும். 2020 ஏப்ரலில் எல்லாருக்கும் 12 சதவீதம் ஆன பிறகுதான் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. ஒரு லைட்டர் விற்றால் இருபது தீப்பெட்டி விற்காது என்ற கணக்கை அதற்கப்புறம்தான் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் லைட்டரைத் தடை செய்யக் கேட்டு மத்திய அமைச்சர் பியூஷ் கோயலுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

அவசரப்பட்டுவிட்டோம். முழு லைட்டருக்குத்தானே தடை? பாகம் பாகமாக வரவழைத்து இங்கேயே பூட்டி, பெட்டிக்கடையில் பழைய விலைக்கே தொங்கவிட்டார்கள். அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனபோது மனுவை மட்டும் நீட்டாமல், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய லைட்டரை அவர் மேசையிலேயே கழற்றினோம். சக்கரம், ஸ்பிரிங், தகரமூடி. மனுவை ஓரமாக வைத்துவிட்டு அவர் அந்த ஸ்பிரிங்கைத்தான் எடுத்துப் பார்த்தார். 2024 அக்டோபரில் பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. நம்மால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். பல ஊர்ச் சங்கங்கள் தட்டிய கதவு அது.

வேறொரு அலுவலகத்தில் நாலு மணி நேரம் காத்திருந்து, மனு கொடுத்த ரசீதோடு மட்டும் திரும்பினோம். அது கோப்பில் இருக்கிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பயணச் செலவில் கடலைமிட்டாய் எதற்கு என்று தணிக்கையாளர் கேட்டிருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு போனால் நம்மை யார் மதிப்பார்கள்? அந்தத் தொகையை நானே கட்டிவிடுகிறேன். சந்தா பாக்கி வைத்திருக்கும் பதினாலு பேரும் அவரவர் தொகையைக் கட்டிவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்